வெள்ளையம்மாவின் பிறந்த வீடு

லார்டு ஒருவர் வருகிறார் என்று சொன்னதால் வேல்பாண்டி அன்று காரைக் கூடுதலாக ஒரு தடவை கழுவினான். கோட்டையூரில் பழைய செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். அங்கே தங்குகிறவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருகிற வேலை அவனுடையது. வலையபட்டிப் பக்கம் கொஞ்சம் வயலும் உண்டு. வயல் சோறு போடும், கார் குழம்பு ஊற்றும் என்பான். வந்திறங்கிய லார்டைப் பார்த்ததும் கழுவின தண்ணீர் வீண் என்று தோன்றிவிட்டது. எண்பது வயசு, ஒட்டிய கன்னம், காலர் நைந்த சட்டை, கையில் ஒரு தடி. ஆனால் காரில் ஏறும்போது டிரைவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஏறிய விதத்தில் ஒரு தோரணை இருந்தது. ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பெயர் எட்மண்ட் ஆஸ்ட்ரிங். பேச்சுத்துணைக்கு ஓட்டல் வரவேற்பில் வேலை பார்க்கும் ஹேமாவதி கூட வந்தாள். காரைக்குடி ஆசாரி வீட்டுப் பெண். இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கார் ஊரைத் தாண்டுவதற்குள் லார்டு வம்சத்தையே சொல்லி முடித்துவிட்டார்.

"இவுக பாட்டனுக்குப் பாட்டனோட அப்பா படைத்தளபதியாம் அண்ணே. ஏதோ சண்டையில செயிச்சதுக்கு ராஜா பட்டம் குடுத்தாராம். அவரு மகன் பெரிய ஜட்ஜு. அடுத்தவரு மதராஸ்ல கவர்னருக்குப் பக்கத்து நாற்காலி. அவருக்கு அடுத்தவரு மந்திரி. இவுக அப்பா வெளிநாட்டுல அம்பாசடரா இருந்தவரு."

"இவுக என்னவா இருந்தாகளாம்?"

"பிரபுக்கள் சபையில உக்காந்திருந்தாகளாம். பரம்பரையா வந்தவுகள்லாம் போதும்னு ஒரு நா எந்திரிக்கச் சொல்லிட்டாகளாம்."

அதை அவள் தமிழில் சொல்கிறாள் என்று தெரிந்து லார்டு சிரித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லையாம். அரண்மனை மாதிரி இருந்த வீட்டை விற்றாகிவிட்டது. பட்டம் அவரோடு முடிகிறது. மிச்சம் இருப்பது ஊர்த் தேவாலயத்துக்கு அடியில் இருக்கிற குடும்பக் கல்லறை அறை ஒன்றுதான். ஐந்து தலைமுறை ஆட்கள் அங்கே வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் வெளியே நின்றுபோனதாகவும், அந்த ஆளைக் கூட்டிப்போகத்தான் வந்திருப்பதாகவும் ஹேமாவதி சொன்னாள்.

மதராஸில் கவர்னருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அதற்கு முன்னால் வாலிப வயசில் இந்தச் சீமையில் உத்தியோகம் பார்த்திருக்கிறார். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுத் தங்கும் உத்தியோகம். மனைவி வெயிலுக்கு ஒதுங்கி மலைக்குப் போயிருந்த நேரம், கூட வந்த நாலு வயசு மகள் காய்ச்சலில் செத்துப்போயிருக்கிறாள். கண்மாய்க்கரையில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு மறுநாள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். உத்தியோகம் அப்படி. தன் நாட்குறிப்பில் கண்மாயின் பெயரை மட்டும் எழுதிவைத்திருக்கிறார். பிறகு அவர் மேலே மேலே போனார். பிள்ளை இங்கேயே கிடந்தது.

வேல்பாண்டி காரை ஓரமாக நிறுத்தினான்.

"எந்தக் கண்மாய்னு கேளு தாயி."

அவள் கேட்பதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளையை வளர்த்த ஆயா ராமுத்தாய், அவன் பூட்டனுடைய அத்தை. கூடாரம் போனபோது அவள் கூடப் போகவில்லை. பிள்ளையைத் தனியாகப் போட்டுவிட்டு எப்படிப் போவது என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். அந்த வருஷமே வீட்டில் மாடு கன்று எல்லாம் நோயில் விழ, குறி கேட்டார்கள். வாழாமல் போன பிள்ளை ஒன்று உங்கள் வாசலில் நின்று பாவாடை கேட்கிறது என்று குறி வந்தது. கன்னிப் பருவம் தாண்டாமல் செத்த பெண்ணை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். வெள்ளைக்காரப் பிள்ளையாயிற்றே, வேற்றுச் சாதி, வேற்று மதமாயிற்றே என்று யாரும் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் வெள்ளையம்மா. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கன்னிப் பொங்கலன்று அவளுக்குப் புதுப் பாவாடை, சட்டை, ரிப்பன், கண்ணாடி வளையல், மை, சீப்பு எல்லாம் ஓலைப்பெட்டியில் வைத்துப் பணியாரம் படைப்பார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைக்குப் பணியாரம் காரமோ என்னவோ என்று பக்கத்தில் பன்னும் பிஸ்கட்டும் வைப்பார்கள்.

லார்டை அங்கேயே கூட்டிப்போனான். வேப்பமரத்தடியில் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் மாடம், உள்ளே மஞ்சள் பூசிய கல், கல்லின் மேல் முதல்நாள் வைத்த கனகாம்பரம் வாடிக் கிடந்தது. லார்டு தொப்பியைக் கழற்றினார். யார் பூ வைத்தது என்று கேட்டார்.

"மை வொய்ஃப் சார். திஸ் பேபி மை ஹவுஸ் காட்" என்றான் வேல்பாண்டி. அவனிடம் இருந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

லார்டுக்கு விளங்கவில்லை. ஹேமாவதி விளக்கிச் சொன்னாள். கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் அந்தக் கல்லைப் பார்த்தபடி நின்றார். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் காருக்குத் திரும்பும்போது அவர் சொன்னது இதுதான்: கலெக்டர் ஆபீசில் மனுப் போட்டாகிவிட்டது, ஊர்க்காரர்கள் சம்மதித்தால் தோண்டி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள், உங்கள் சம்மதம்தான் பாக்கி.

வேல்பாண்டி காரைக் கிளப்பினான். அவனுக்கு நினைப்பெல்லாம் புஷ்பவள்ளி மேலேயே இருந்தது.

புஷ்பவள்ளி அவன் மனைவி. அவர்களுக்குப் பிறந்தது ஒரே மகள். எட்டு வருஷத்துக்கு முந்தி ஐப்பசி மழையில் டெங்குக் காய்ச்சல் வந்து, ஒன்பது வயசில் போய்விட்டாள். இருட்டென்றால் அந்தப் பிள்ளைக்கு உயிர் போய்விடும். பகலில்கூடக் கொல்லைப்பக்கம் தனியாகப் போகாது. வாசல்படியில் நின்று அம்மா வர்றியா என்று கூப்பிடும். புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து புஷ்பவள்ளி சோறு தண்ணீர் இறங்காமல் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை அங்கே தனியா என்ன பண்ணும், தனியா என்ன பண்ணும். பெத்த மனம் பித்து என்பார்கள். அந்தப் பித்தை வேல்பாண்டி மூன்று மாசம் கூடவே இருந்து பார்த்தான். அந்த வருஷம் கன்னிப் பொங்கலன்று வெள்ளையம்மா இறங்கிச் சாமியாடிய பங்காளி வீட்டுச் சோலையம்மாள் புஷ்பவள்ளியின் தலையைத் தடவி, "அழுகாதே, உன் மகள நான் கையில பிடிச்சிருக்கேன், என் கூடத்தான் வெளையாடுறா" என்றாள். அன்று மத்தியானம்தான் புஷ்பவள்ளி ஒரு வாய் சோறு சாப்பிட்டாள். அதற்குப்பின் வருஷா வருஷம் ஓலைப்பெட்டியில் இரண்டு பாவாடை. வெள்ளையம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று.

இப்போது பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து மூத்தவளான வெள்ளையம்மாவைக் கூப்பிடுகிறார்.

பங்காளிகள் கூடினார்கள். கன்னி ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொது. அவர்களில் மூத்தவர் மலையாண்டி, வேல்பாண்டியின் பெரியப்பா மகன். லார்டின் வம்ச வரலாற்றைக் கேட்டதும் அவருக்கு மீசை தானாக முறுக்கிக்கொண்டது.

"தளபதி, ஜட்ஜு, மந்திரி. நம்ம சாமி எப்பேர்ப்பட்ட எடத்துப் பிள்ளைனு இன்னைக்கில்ல தெரியுது. அவுக பிள்ளைய அவுக கேக்குறாக. நாம எப்படிய்யா மாட்டேன்னு சொல்றது? மேளம் வச்சு மரியாதையா அனுப்பிவிடுவோம். கல்லு இங்கயே இருக்கட்டும், நாம கும்பிட்டுக்குவோம்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. மலையாண்டிக்குக் கொடுப்பதற்கு வலிக்கவில்லை, ஏனென்றால் அவர் பிள்ளைகள் இரண்டும் திருப்பூரில் நன்றாகத்தான் இருந்தன. மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருத்தர் மட்டும் சாமி போனால் மழை போகுமோ என்று இழுத்தார், மலையாண்டி முறைத்ததும் அடங்கிவிட்டார். வேல்பாண்டி வாயைத் திறக்கவில்லை. ஒரு வெளியூர்க்காரர் தன் வீட்டுப் பெண்ணைக் கேட்கும்போது எந்த முகத்தோடு மறுப்பது என்றும் இருந்தது, வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு சொல்வது என்றும் இருந்தது. கன்னிப் பொங்கல் படைப்பு முடிந்ததும் தோண்டுவது என்று முடிவாயிற்று.

புஷ்பவள்ளி பொங்கலுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"எத்தன பேரு சரின்னீக?"

"எல்லாரும்."

"நீங்களுமா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"அதுக்கு அதான் அர்த்தம்" என்றாள். சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். அழுவாள் என்று அவன் நினைத்தான். அவள் அழவில்லை. எட்டு வருஷமாக அடங்கியிருந்த பித்து திரும்பவும் வந்துவிடுமோ என்று பயந்தான். "அந்த ஆளுகிட்ட என்னையக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் அவள்.

ஓட்டலின் பெரிய முற்றத்தில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில், பிரம்பு நாற்காலி போட்டு லார்டு உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார். ஒரு பெண் வந்தால் எழுந்து நிற்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத பழக்கம். புஷ்பவள்ளி அதைக் கவனித்தாள். உட்காரச் சொன்னபோது மறுத்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள். ஹேமாவதி ஒவ்வொரு பேச்சாக மாற்றிச் சொன்னாள்.

"வெள்ளையம்மாவ எங்க கொண்டுபோயி வைக்கப் போறீகன்னு கேளு தாயி."

லார்டு சொன்னார். தேவாலயத்துக்கு அடியில், கல் அறையில், தளபதி, நீதிபதி, மந்திரி, அம்பாசடர், அவரவர் மனைவிமார். சுவரில் ஒவ்வொருவர் பெயரும் பதவியும் வெட்டியிருக்கும். அவளுடைய அப்பாவும் அங்கேதான் இருக்கிறார்.

"எல்லாம் பெரிய பெரிய ஆளுகளா இருக்காக. சின்னப் பிள்ளைக யாரும் இருக்கா?"

லார்டு யோசித்தார். இல்லை என்றார்.

"அப்ப அது யாரோட வெளையாடும்?"

ஹேமாவதி இதையும் மாற்றிச் சொன்னாள். லார்டு தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் புஷ்பவள்ளி தன் மகளைப் பற்றிச் சொன்னாள். காய்ச்சலைச் சொன்னாள், இருட்டுப் பயத்தைச் சொன்னாள், மூத்தவள் கையைப் பிடித்ததைச் சொன்னாள். மளிகைக்கடையில் சாமான் சொல்வது மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். வேல்பாண்டி தூணைப் பிடித்துக்கொண்டு தரையின் பூக்கோலத்தைப் பார்த்தபடி நின்றான்.

"நான் தடுக்க வரல. உங்க வீட்டுப் பிள்ள, நீங்க கேக்குறது நியாயந்தான். ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்ங்க. என் மகள் பாவாடையும் அவள வச்ச எடத்து மண்ணும் எடுத்துத் தாரேன். ரெண்டு பேரையும் சேத்துக் கொண்டுபோயி வையுங்க. தனியா விட்டா ரெண்டும் பயந்துக்கிரும்."

வேல்பாண்டி நிமிர்ந்தான். இதை அவள் அவனிடம் சொல்லவே இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை போய்ப் பூ வைக்கிற இடத்தை, மனசு தாங்காதபோதெல்லாம் போய் உட்கார்ந்துகொள்கிற இடத்தை, வெறும் இடமாக்கிவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் கடல் தாண்டி அனுப்பத் துணிந்துவிட்டாள். பிள்ளை தன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுகூட அவளுக்கு இரண்டாம்பட்சம், தனியாக இருக்கக்கூடாது என்பதுதான் முதல். நாம் ஒரு வார்த்தை பேசாமல் பங்காளிகளோடு உட்கார்ந்திருந்தோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

லார்டு நிதானமாகப் பதில் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். மற்றவர்களாயிருந்தால் ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு, மண்ணை விமான நிலையத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அந்த அறையில் ஆஸ்ட்ரிங் குடும்பத்து ஆட்களைத் தவிர வேறு யாரையும் வைப்பதில்லை, முதல் பிரபு காலத்திலிருந்து இருக்கிற விதி, இதுவரை யாருக்காகவும் மீறியதில்லை, தன்னை மன்னிக்க வேண்டும் என்றார்.

புஷ்பவள்ளி ஹேமாவதியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் இறங்கித்தான் போகும்.

"எங்க ராமுத்தாய் அத்த உங்க பிள்ளைய எங்க வீட்டுல சேக்கும்போது அப்படி ஒரு விதி எங்ககிட்ட இல்லாமப் போச்சு. இருந்திருந்தா அது இன்னைக்கு வரைக்கும் கம்மாக்கரையில அனாதையாக் கெடந்திருக்கும். ஒரு நல்ல நா, பெரிய நாள்னு பெறந்த வீட்டுல இருந்து ஒரு முழத்துணி வந்ததில்ல. நாங்கதான் வச்சோம். இதச் சொல்லிரு தாயி. ஒரு வார்த்தையும் விடாமச் சொல்லிரு."

சொல்லிவிட்டு அவள் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஹேமாவதி ஒரு வார்த்தையும் விடாமல்தான் சொன்னாள். லார்டின் முகம் வெளிறிவிட்டது. நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தவர், வேல்பாண்டி வணக்கம் சொன்னதைக்கூடப் பார்க்கவில்லை.

கார் வீடு வந்து சேர்ந்தது. வாசலில் இறங்கும்போது வேல்பாண்டி சொன்னான்: "நான் மலையாண்டி அண்ணன்கிட்ட மறுத்துச் சொல்றேன் பிள்ள. தோண்ட விடமாட்டேன்." அவள் அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவன் போய்ச் சொல்லத்தான் செய்தான். ஊர் முடிவை மாற்ற நீ யார் என்று மலையாண்டி கேட்டார். பேச்சு முற்றிக் கைகலப்பு ஆகாததுதான் குறை.

கன்னிப் பொங்கலன்று காலையில் பங்காளி வீட்டார் எல்லாரும் கண்மாய்க்கரைக்கு வந்துவிட்டார்கள். மேளம் சொல்லியிருந்தார்கள். மலையாண்டி வெள்ளை வேட்டி கட்டி, மண்வெட்டியோடு இரண்டு ஆட்களையும் நிறுத்தியிருந்தார். வேல்பாண்டி மாடத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். புஷ்பவள்ளி யாரையும் பார்க்காமல் ஓலைப்பெட்டியைத் திறந்து வளையல்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எப்போதும் போலத்தான் செய்தாள்.

லார்டு ஓட்டலின் வேறொரு காரில் வந்தார். கோட்டு போட்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. கல்லும் முள்ளுமான கரையில் வெறுங்காலோடு, ஒரு கையில் தடி, மறுபக்கம் ஹேமாவதியின் தோள் என்று பிடித்து ஏறி வந்தார். பின்னால் ஓட்டல் பையன் ஒருவன் பித்தளைத் தாம்பாளம் ஒன்றைச் சுமந்து வந்தான்.

"எந்தப் பக்கத்துல இருந்து வெட்டட்டும்னு கேளும்மா" என்றார் மலையாண்டி.

"வெட்ட வேணாமாம் பெரியப்பா. மண்வெட்டிய எடுத்துட்டுப் போகச் சொல்றாக. பிள்ள இங்கயே இருக்கட்டுமாம்." ஹேமாவதி புஷ்பவள்ளியின் பக்கம் திரும்பினாள். "பெறந்த வீட்டுச் சீர் கொண்டாந்திருக்காகக்கா. என்னென்ன வைக்கணும்னு என்கிட்டக் கேட்டுக் கேட்டு, காரைக்குடிக் கடையில அவுகளே நின்னு எடுத்தாக."

தாம்பாளத்தில் பூ, பழம், தேங்காய், மஞ்சள், குங்குமம். நடுவில் பட்டுப் பாவாடையும் சட்டையும். ஒன்று இல்லை, இரண்டு. இரண்டும் ஒரே அரக்குச் சிவப்பு, ஒரே ஜரிகை. ஒரு வீட்டில் பிறந்த அக்கா தங்கைக்கு எடுப்பது மாதிரி எடுத்திருந்தார்.

மலையாண்டி மேல்துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டார். லார்டு மூட்டு வலியோடு குனிந்து முயன்றும் முடியாமல், வேல்பாண்டி தாங்கிப் பிடிக்க, ஒருவழியாகத் தரையில் உட்கார்ந்தார். புஷ்பவள்ளி கற்பூரத்தை எடுத்தாள். கொளுத்தவில்லை.

"பெறந்த வீட்டு ஆளு வந்திருக்கும்போது நாம கூப்பிடக்கூடாது. அவுகதான் பேரு சொல்லிக் கூப்பிடணும். கூப்பிடச் சொல்லு தாயி."

லார்டு கேட்டுக்கொண்டார். பிறகு ஹேமாவதியிடம் மிக மெல்லிய குரலில் ஏதோ சொன்னார்.

"அவுகளுக்குப் பேரு தெரியாதாம்க்கா. குடும்ப வரலாறு எழுதின புஸ்தகத்துல ஆம்பளப் பிள்ளைகளுக்குத்தான் பேரும் பதவியும் போட்டிருக்காம். இவளுக்குச் சின்ன வயசுல செத்த மகள்னு மட்டும் இருக்காம். அவ அப்பா நாட்குறிப்புலயும் பிள்ளன்னுதான் எழுதியிருக்காம்."

ஐந்து தலைமுறையைக் காரில் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தவர், ஒரு பேருக்கு முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வேல்பாண்டிக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது.

"எங்க வீட்டுல அவ பேரு வெள்ளையம்மா" என்றாள் புஷ்பவள்ளி. "அப்படியே கூப்பிடட்டும். திரும்பிப் பாப்பா."

"வெல்லேயம்மா" என்றார் லார்டு. சரியாக வரவில்லை என்று அவருக்கே தெரிந்தது. இன்னொரு தடவை சொன்னார்.

புஷ்பவள்ளி இரண்டாவது பாவாடையைத் தொட்டாள். மகள் போன நாளிலிருந்து அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று மற்றவர்களும், சொன்னால் வேல்பாண்டி தாங்கமாட்டான் என்று அவளும் விழுங்கி விழுங்கிப் பழகியிருந்தார்கள்.

"இவ பேரு கீர்த்தி" என்றாள்.

"கீர்த்தி" என்று கூப்பிட்டார் கிழவர். இதற்கு நாக்கு புரண்டது. கண்மாய்க்குக் கேட்கிற மாதிரி, சத்தமாக, விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி இன்னொரு தடவையும் கூப்பிட்டார்.

வேல்பாண்டி வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு, பங்காளிகள் அத்தனை பேருக்கும் முன்னால் ஓவென்று அழுதான். புஷ்பவள்ளி அழவில்லை. கற்பூரத்தைக் கொளுத்தி மாடத்துக்குக் காட்டிவிட்டு, தட்டை முதலில் லார்டுக்கு முன்னால் நீட்டினாள்.

"வந்துட்டாளுக. ரெண்டு பேரும்தான் வந்துட்டாளுக. கண்ணுல ஒத்திக்கிரச் சொல்லு தாயி."